மணிக்கணக்கு வேண்டாம்

பள்ளிக்கு முன்னும் பின்னும் பிறர் பிள்ளைகளை உங்கள் வீட்டில் பார்த்துக்கொள்ள, காலை 7.30–8.45, மாலை 3.15–6.00, மணிக்கு எவ்வளவு வாங்கலாம் என்று கேட்டிருந்தீர்கள். இங்கிலாந்தில் என்றால், காலைக்கு ஒரு தொகை, மாலைக்கு ஒரு தொகை என்று வையுங்கள். பெற்றோர் 8.10க்குப் பிள்ளையை விட்டுவிட்டு "அரை மணிதானே" என்பார்கள். ஆனால் அந்த இடம் காலை முழுக்க அவர்களுக்காகக் காத்திருக்கிறது. எட்டு வயதுக்கு உட்பட்டவர்களில் ஒரே நேரத்தில் 6 பேரைத்தான் பார்த்துக்கொள்ளலாம், உங்கள் பிள்ளைகளையும் சேர்த்து! மாலைத் தொகையில் மழையில் பள்ளி வாசலுக்கு நடப்பது, டோஸ்ட், பழம் எல்லாம் அடக்கம். தாமதக் கட்டணத்தை ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள், 6.20க்கு வாசலில் நின்று கேட்க வாய் வராது. விடுமுறை நாளுக்குத் தனிக் கணக்கு. அப்புறம், ஆஃப்ஸ்டெட் (பிள்ளைப் பராமரிப்பைக் கண்காணிக்கும் அரசு அமைப்பு) பதிவு முடிந்ததும், பராமரிப்புச் செலவுக்கு அரசு உதவும் டாக்ஸ்-ஃப்ரீ சைல்ட்கேர் திட்டத்தில் சேருங்கள். தகுதியுள்ள பெற்றோர் 8 பவுண்டு போட்டால் அரசு 2 பவுண்டு சேர்க்கும். பேரம் பாதி குறையும்.