டாக்டரைக் கேளுங்கள்: கீமோ நேரத்தில் காய்ச்சல், ஃபைலில் ‘பெனிசிலின் அலர்ஜி’

கேள்வி: அம்மாவுக்கு 58 வயது. மார்பகப் புற்றுநோய்க்கு கீமோ போய்க்கொண்டிருக்கிறது. போன முறை கீமோ போட்ட பத்தாம் நாள் ராத்திரி 101 டிகிரி காய்ச்சல், அட்மிட் செய்தோம். ஃபைலில் ‘பெனிசிலின் அலர்ஜி’ என்று இருந்ததால் வழக்கமான மருந்தை விட்டுவிட்டு வேறு கொடுத்தார்கள். தேறிவிட்டார். சின்ன வயதில் ஏதோ ஊசி போட்டு உடம்பெல்லாம் தடித்தது என்று பாட்டி சொல்வார், அவ்வளவுதான் தெரியும். அடுத்த கீமோவுக்குப் பிறகும் காய்ச்சல் வந்தால் என்ன செய்வது? – வாசகி, கும்பகோணம்

பதில்: பாட்டியிடம் இன்றைக்கே உட்கார்ந்து பேசுங்கள். என்ன ஊசி, எதற்காகப் போட்டார்கள், போட்டு எவ்வளவு நேரத்தில் தடித்தது, மூச்சு வாங்கியதா, உதடு வீங்கியதா, மயக்கம் போட்டாரா, தோல் உரிந்ததா, அட்மிட் செய்தார்களா? அப்புறம் வீட்டில் பழைய மருந்துச் சீட்டுகள் கிடந்தால் எடுத்துப் பாருங்கள். பல் பிடுங்கியபோதோ தொண்டை வலிக்கோ அம்மா அமாக்ஸிசிலின், ஆக்மென்டின் மாதிரி ஏதாவது சாப்பிட்டு ஒன்றும் ஆகாமல் இருந்திருந்தால் அந்த ஒரு சீட்டு போதும், பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். இரண்டும் பெனிசிலின் வகைதான், பெயரைப் பார்த்தால் தெரியாது.

இதை ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்றால், கீமோ போட்ட ஏழாம் நாளிலிருந்து பதினாலாம் நாளுக்குள் பெரும்பாலும் வெள்ளை அணுக்கள் அடிமட்டத்துக்கு இறங்கும். அவற்றில் கிருமியோடு முதலில் சண்டை போடும் நியூட்ரோஃபில் அணு 500-க்குக் கீழே போய்விட்டால் கிருமி உள்ளே வந்தாலும் சீழ் கட்டாது, எக்ஸ்ரேயில்கூடத் தெரியாமல் போகலாம், காய்ச்சல் ஒன்றுதான் அடையாளம். குடலில் சும்மா இருந்த கிருமி ரத்தத்தில் கலந்து சில மணி நேரத்தில் பிரஷர் இறங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். அதனால்தான் ரத்தத்தைக் கல்ச்சருக்கு (எந்தக் கிருமி என்று வளர்த்துப் பார்க்கும் டெஸ்ட்) எடுத்த கையோடு, ரிசல்ட்டுக்குக் காத்திராமல், வந்த ஒரு மணி நேரத்துக்குள் முதல் டோஸ் ஏற வேண்டும் என்கிறோம். அந்த நேரத்தில் கைக்கு வரும் மருந்துகள் பிப்பராசிலின்-டாசோபாக்டம், செஃபிபீம், மெரோபெனம். முதலாவது பெனிசிலின் குடும்பமே, மற்ற இரண்டும் தூரத்துச் சொந்தம். ‘அலர்ஜி’ என்று ஒரே ஒரு வார்த்தை எழுதியிருந்தால் டியூட்டி டாக்டர் பயந்து மூன்றையும் ஒதுக்கிவிடுவார். அவரைக் குறை சொல்ல முடியாது, நடுராத்திரியில் அவர் கையில் இருப்பது அந்த ஒரு வார்த்தைதான்.

ஆனால் பெனிசிலின் அலர்ஜி என்று சொல்லிக்கொள்பவர்களை முறையாகப் பரிசோதித்தால் பத்தில் ஒன்பது பேருக்கு மருந்து ஒத்துக்கொள்கிறது. சிறு வயதில் வந்த தடிப்பு பல நேரம் வைரஸ் காய்ச்சலால் வந்ததாக இருக்கும். நிஜமான அலர்ஜியே இருந்திருந்தாலும், மருந்து உடம்பில் படாமல் பத்து வருடம் போனால் முக்கால்வாசிப் பேருக்கு அது மறைந்துவிடுகிறது. பெனிசிலின் அலர்ஜி இருந்தால் செஃபிபீம் சேர்ந்த செஃபலோஸ்போரின் வகையும் பத்தில் ஒருவருக்கு ஒத்துக்கொள்ளாது என்று ஒரு காலத்தில் பாடத்தில் படித்தோம். இப்போதைய கணக்கு சுமார் 2 சதவீதம், மெரோபெனத்துக்கு 1 சதவீதத்துக்கும் குறைவு. மாற்று மருந்துகளும் இருக்கின்றன, இல்லாமல் இல்லை. அஸ்ட்ரியோனம் கொடுக்கலாம், ஆனால் அது கிராம்-பாசிட்டிவ் என்ற ஒரு வகைக் கிருமிகளைத் தொடவே தொடாது, கூடவே வான்கோமைசின் சேர்க்க வேண்டும், அதற்குச் சிறுநீரகத்தைக் கவனிக்க வேண்டும். சிப்ரோஃப்ளாக்சசினை நம்பலாம் என்றால் நம் ஊர்க் கிருமிகள் பலவற்றுக்கு அது பழகிப்போய்விட்டது.

ஆகவே அடுத்த கீமோவுக்கு முன்பு, அணுக்கள் ஏறி அம்மா தெம்பாக இருக்கும்போது, புற்றுநோய் டாக்டரிடம் இதைப் பேசுங்கள். பழைய கதை லேசானது என்று தெரிந்தால், ஆஸ்பத்திரியிலேயே உட்கார வைத்து அமாக்ஸிசிலின் கொடுத்துக் கவனிப்பார்கள், இல்லையென்றால் முதலில் தோலில் டெஸ்ட் செய்வார்கள். தோல் டெஸ்ட் என்றால் செட்ரிசின் மாதிரி மாத்திரைகளைச் சில நாள் முன்பே நிறுத்த வேண்டும், கேட்டுக்கொள்ளுங்கள். தயவுசெய்து வீட்டில் ஒரு மாத்திரை போட்டுப் பார்க்காதீர்கள்.

மூச்சுத்திணறல், மயக்கம் வரை போன அலர்ஜி என்றால் விஷயம் வேறு. அந்த மருந்து இல்லாமல் முடியாது என்ற நிலை வந்தால், துளியில் ஆரம்பித்துக் கால் மணிக்கு ஒரு தடவை கூட்டிக்கொண்டே போய்ச் சில மணி நேரத்தில் முழு டோஸைப் பழக்கும் முறை உண்டு, ஐசியுவில் வைத்துத்தான் செய்வார்கள். மருந்து போய்க்கொண்டிருக்கும் வரைதான் அந்தப் பழக்கம் நிற்கும். வாய், கண் புண்ணாகித் தோல் உரிந்த கதை என்றால் டெஸ்டும் கிடையாது, பழக்குவதும் கிடையாது, அந்த மருந்தின் பக்கமே போகக்கூடாது.

ஃபைல் அட்டையில் ‘பெனிசிலின் அலர்ஜி’ என்று மட்டும் விடாமல் எந்த மருந்து, எந்த வயதில், என்ன ஆனது, அதற்குப் பிறகு எதெல்லாம் ஒத்துக்கொண்டது என்று எழுதி ஒட்டுங்கள். கடைசி கீமோ தேதியும் அதில் இருக்கட்டும். 101 ஒரு தடவை தொட்டாலோ, 100.4 ஒரு மணி நேரம் நின்றாலோ கிளம்பிவிடுங்கள். பாராசிட்டமால் போட்டுவிட்டு விடியட்டும் என்று படுக்காதீர்கள்.

கேள்வி: கையில் டெஸ்ட் டோஸ் போட்டுப் பார்த்தார்கள், தடிக்கவில்லை. அப்படியானால் அலர்ஜி இல்லை என்றுதானே அர்த்தம்? – வாசகர், மதுரை

பதில்: இல்லை. முறையான தோல் டெஸ்டில் மருந்தின் அடர்த்திக்கு அளவு உண்டு, பக்கத்திலேயே உப்புநீரும் ஹிஸ்டமினும் வைத்து ஒப்பிடுவார்கள். அவசரத்தில் மருந்தைக் கொஞ்சம் கலக்கித் தோலுக்குள் ஏற்றினால், அலர்ஜி இல்லாதவருக்கும் எரிச்சலில் தடிக்கும், இருப்பவருக்குத் தடிக்காமலும் போகலாம். உங்களுக்கு முன்பு என்ன நடந்தது என்ற விவரம்தான் இதைவிட அதிகம் சொல்லும்.

கேள்வி: கணவருக்குச் சிறுநீரக மாற்று நடந்து ஏழு மாதம் ஆகிறது. சல்ஃபா அலர்ஜி, செப்ட்ரான் நிறுத்திவிட்டார்கள். காய்ச்சல் 99.5-ஐத் தாண்டுவதில்லை, ஆனால் குளிர் எடுக்கிறது. காத்திருக்கலாமா? – வாசகி, சேலம்

பதில்: காத்திருக்க வேண்டாம் அம்மா. அவர் சாப்பிடும் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை காய்ச்சலை அமுக்கிவிடும், 99.5-உடன் குளிரும் இருந்தால் இன்றைக்கே காட்டுங்கள். செப்ட்ரான் சல்ஃபா சேர்ந்த மருந்து, நிமோசிஸ்டிஸ் என்ற நுரையீரல் தொற்று வராமல் இருக்கக் கொடுப்பது. அதற்குப் பதில் என்ன தருகிறார்கள் என்று கட்டாயம் கேளுங்கள், பென்டமிடின், அடோவகுவோன், டாப்சோன் என்று மாற்று இருக்கிறது. டாப்சோன் என்றால் ஜி6பிடி (சிவப்பு அணுக்களைக் காக்கும் ஒரு என்சைம்) பரிசோதனை முதலில் செய்ய வேண்டும். சல்ஃபா அலர்ஜி இருப்பதால் பெனிசிலினும் ஆகாது என்று நினைக்க வேண்டாம், இரண்டுக்கும் தொடர்பில்லை. ஒன்று மட்டும் பயந்தே சொல்கிறேன்: அலர்ஜிக்காரர் என்பதால் மருந்துக் கடையில் கிளாரித்ரோமைசினோ எரித்ரோமைசினோ வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். மாற்று உறுப்பை உடம்பு ஒதுக்காமல் இருக்கத் தரும் டாக்ரோலிமஸை அவர் சாப்பிடுகிறவர் என்றால் ரத்தத்தில் அதன் அளவு எக்கச்சக்கமாக ஏறி, மாற்றி வைத்த சிறுநீரகத்தையே கெடுத்துவிடும். வலிக்கு புரூஃபென், டைக்ளோஃபெனாக்கும் வேண்டாம்.