6 மாசம்னு காண்ட்ராக்ட் போட்டுட்டு 2 மாசத்துல க்ளையண்ட் நிறுத்திட்டார், மீதி 4 மாசப் பணத்த கேக்க முடியுமா?

நேரா சொல்லிடறேங்க. மீதி 4 மாசத்துக்கு முழுப் பணம் கிடைக்கறது ரொம்பக் கஷ்டம். ஆனா இதுவரைக்கும் செஞ்ச வேலைக்கு ஒரு ரூபா கூட விட வேண்டியதில்ல, அத வாங்க நல்லாவே வழி இருக்கு. நிறைய பேர் இந்த ரெண்டையும் ஒண்ணாப் போட்டுக் குழப்பிக்கிட்டு, கோவத்துல முதலாவதுக்கு மல்லுக்கட்டி ரெண்டாவதையும் கோட்டை விட்டுடறாங்க. நானும் விடப் பாத்தேன்.

நான் ஈரோடு, வீடியோ எடிட்டர், கல்யாண வீடியோ தான் சோறு போடுது. 2022 ஜூலைல ஆன்லைன் கோச்சிங் நடத்தற ஒரு கம்பெனி கூப்பிட்டு மாசம் 40,000, 6 மாசம்னு சொன்னாங்க. எங்க தொழில்ல ஆடி மாசம் முழுக்க ஈ ஓட்டிட்டு ஆவணில தான் நிமிந்து உக்காருவோம், ஆனா இங்க மாசாமாசம் சம்பளம் மாதிரி வருதேன்னு, எப்பவும் வேலை குடுக்கற ஸ்டுடியோ அண்ணன் கிட்ட ஆவணிக்கு 5 கல்யாணம் வேண்டாம்னுட்டேன். அவரு "தம்பி, யோசிச்சுக்க"ன்னாரு. நான் யோசிக்கல.

செப்டம்பர் 9, வெள்ளிக்கிழமை சாயங்காலம், வாட்ஸப்ல ரெண்டு வரி. பட்ஜெட் கொறச்சுட்டாங்களாம், இன்னையோட நிறுத்திக்கலாமாம். (அந்த வருஷம் ஆன்லைன் படிப்பு கம்பெனிங்க வரிசையா ஆளக் கொறச்சுட்டு இருந்தாங்க, எனக்கு மட்டும் நடந்ததில்ல.) புரட்டாசி பொறக்க பத்து நாள் கூட இல்ல, அந்த மாசம் எங்க பக்கம் கல்யாணம் வைக்க மாட்டாங்க. வெளிய 4 மாசப் பணம் போச்சுன்னு சொல்லிட்டுத் திரிஞ்சாலும் உள்ள வயிறு எரிஞ்சது அந்த 5 கல்யாணத்துக்குத் தான்.

அப்பறம் தான் அக்ரிமெண்ட ஒழுங்காப் படிச்சேன். முதல் பக்கத்துல 6 மாசம்னு பெருசா இருக்கு. கடைசிப் பக்கத்துல, ரெண்டு பேர்ல யாரு வேணா எழுத்துல தெரிவிச்சுட்டு எப்ப வேணா முடிச்சுக்கலாம்னு ஒரு வரி, எத்தன நாள் முன்னாடி சொல்லணும்னே இல்ல. எங்க மாமா பையன் வக்கீல், அவன்ட்ட கொண்டு போய்க் காட்டுனா சிரிக்கறான். இந்த வரி இருந்தா 6 மாசங்கறது சும்மா பேருக்குத் தான்னான். இந்த வரி இல்லாமயே இருந்தாலும் மீதி மாசத்துக்கு வேலை குடுத்தே ஆகணும்னு கோர்ட்டு கட்டாயப்படுத்தாது, நஷ்ட ஈடு தான் கேக்கலாம், அது 1872 ஒப்பந்தச் சட்டத்துல 73வது பிரிவு. அதுலயும் நீங்க சும்மா உக்காந்துட்டு மொத்த 4 மாசத்தயும் கேக்க முடியாது, வேற வேலை தேடி நஷ்டத்தக் கொறைக்க என்ன பண்ணீங்கன்னு பாப்பாங்க. கேஸ் போட 3 வருஷம் டைம் இருக்கு, ஆனா லட்ச ரூபா விஷயத்துக்கு வக்கீல் ஃபீஸும் அலைச்சலும் கட்டுப்படியாகுமான்னு நீங்களே கணக்குப் போட்டுக்கோங்க.

சரி, செஞ்ச வேலைக்கு வருவோம். எனக்கு ஆகஸ்ட் மாசம் முழுசும், செப்டம்பர்ல 9 நாளும் பாக்கி, 52,000. ரெண்டு மாசம் "அக்கவுண்ட்ஸ்ல இருக்கு சார்" பாட்டு தான். என்னக் காப்பாத்துனது உதயம் சர்டிபிகேட்டுங்க, சிறு குறு தொழில்னு அரசாங்கத்துல பதிவு பண்ணிக்கறது. ஏதோ பேங்க் லோனுக்காக முன்னாடியே எடுத்து வெச்சிருந்தேன். ஆதார், பான் இருந்தா அரசாங்க சைட்ல ஃப்ரீயாவே எடுக்கலாம் (காசு கேக்கற சைட் பூராம் ப்ரைவேட், ஏமாந்துடாதீங்க), எடிட்டிங் மாதிரி சர்வீஸுக்கும் உண்டு. சிறு குறு நிறுவனங்களுக்கான 2006 சட்டப்படி நமக்கு அதிகபட்சம் 45 நாள்ல பணம் வந்தாகணும், தாண்டுனா ரிசர்வ் பேங்க் சொல்ற பேங்க் ரேட்டுக்கு 3 மடங்கு வட்டி, அதுவும் மாசாமாசம் கூட்டு வட்டி. தரலேன்னா இதுக்குன்னே இருக்கற அரசாங்க போர்ட்டல்ல புகார் போடலாம் (அப்ப அதுக்கு சமாதான்னு பேரு). இத அப்படியே, ஒரு கெட்ட வார்த்தை இல்லாம, இன்வாய்ஸோட சேத்து அக்கவுண்ட்ஸுக்கும் டைரக்டருக்கும் மெயில் போட்டேன். ஆறாவது நாள் 46,800 வந்துருச்சு, 10% டிடிஎஸ் (அவங்களே பிடிச்சு அரசாங்கத்துக்குக் கட்டற வரி) போக. புகார் வரைக்கும் போகவே இல்ல. இப்ப 2024 ஏப்ரல்ல இருந்து இன்னும் ஒரு பிடி இருக்கு, நமக்கு லேட்டாக் குடுத்தா அந்தச் செலவ அவங்க அந்த வருஷ இன்கம் டாக்ஸ் கணக்குல கழிக்க முடியாமப் போகலாம், ஆடிட்டர்களே பயப்படறாங்க. ஆனா உதயம் வேலை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே எடுத்திருக்கணும், பிரச்சனை வந்தப்பறம் ஓடிப் போய் எடுத்தா வம்பு.

அப்வொர்க் மாதிரி ஃப்ரீலான்ஸ் வேலை பிடிக்கற சைட்னா கதை வேற. அங்க க்ளையண்ட் எப்ப வேணா காண்ட்ராக்ட முடிக்கலாம், மொத்தமா ரேட் பேசுன வேலைன்னா, ஒவ்வொரு கட்டத்துக்கும் (மைல்ஸ்டோன்) அவங்க முன்னாடியே எஸ்க்ரோல, அதாவது சைட்டோட பொறுப்புல, போட்டு வெச்ச பணம் தான் உங்களுக்குப் பிடிமானம், அதனால பணம் விழாத மைல்ஸ்டோனுக்கு வேலைய ஆரம்பிக்காதீங்க.

இப்ப நான் மாசப் பணத்த மாச ஆரம்பத்துலயே வாங்கிடறேன். நிறுத்தணும்னா 30 நாள் முன்னாடி சொல்லணும், இல்லேன்னா 30 நாள் காசு. ப்ராஜெக்ட் ஃபைல் எல்லாம் கடைசி பில் செட்டில் ஆனப்பறம் தான் கைமாறும். அப்பறம் ஒண்ணு, இத யாரும் அதிகம் பண்றதில்ல. 6 மாசம்னா நம்ம ரேட்டக் கொறச்சுக் குடுப்போமில்ல, எனக்கு 50,000 ரேட்டு, 6 மாசத்துக்காகத் தான் 40,000. நடுவுல முடிச்சா, முடிஞ்ச மாசத்துக்கும் 50,000 கணக்குலயே பில்லுன்னு எழுதிடுவேன். அபராதம்னு எழுதுனா முறைப்பாங்க, தள்ளுபடி போச்சுன்னா யாரும் ஒண்ணும் சொல்றதில்ல. போன வருஷம் ஒரு நகைக்கடை க்ளையண்ட் 3 மாசத்துல முடிச்சாரு, முணுமுணுத்துட்டே அந்த 30,000த்தையும் போட்டுட்டாரு.

ஸ்டுடியோ அண்ணன் ஐப்பசில 2 கல்யாணம் குடுத்தாரு. ரேட்டு மட்டும் கொறச்சு. நான் பேசல.

உங்க அக்ரிமெண்ட்ல முடிக்கறதப் பத்தி என்ன வரி இருக்குன்னு பேரெல்லாம் அழிச்சுட்டு கீழ போடுங்க, உதயம் இருக்கா இல்லையான்னும் சொல்லுங்க. அது வரைக்கும் அந்த க்ளையண்ட்டுக்கு கோவமா ஒரு மெசேஜும் அனுப்பாதீங்க.