மலையில் காற்றும் கல்லும்: கேட்டவையும் பதில்களும்

தென்றல்: வானம் தெளிவாக இருக்கும் நாளிலும் எப்படித் திடீரென்று கல் விழுகிறது?

திடீரென்று விழுவதில்லை. வெடிப்பில் புகுந்த நீர் இரவில் உறையும்போது சுமார் 9 சதவீதம் பருத்துப் பாறையை நெம்புகிறது. உறைந்திருக்கும்வரை அந்தப் பனிக்கட்டியே கல்லைப் பிடித்தும் வைத்திருக்கும். வெயில் பட்டதும் பிடி விட்டுப்போகும். அதனால் தெளிவான நாளைத்தான் நான் அதிகம் சந்தேகிப்பேன். கிழக்குச் சரிவில் காலையிலேயே ஆபத்து, மேற்குச் சரிவில் பிற்பகலில். 2003 கோடை வெப்ப அலையில் ஆல்ப்ஸ் மலையின் மேட்டர்ஹார்ன் சிகரத்தில், ஹோர்ன்லி முகட்டில் பாறை சரிந்து, வழியையே மூட வேண்டியதாயிற்று.

இருட்டிலேயே கிளம்புங்கள். பனிமேல் புதுக் கற்கள் கிடந்தாலோ, சுவரில் வெளிறிய அடித்தழும்புகள் தெரிந்தாலோ அங்கே நிற்காதீர்கள். சுவரின் அடியில் உட்கார்ந்து சாப்பிடவே சாப்பிடாதீர்கள்.

புதுமுகம்: சைக்கிள் ஹெல்மெட் போதுமா?

போதாது. அது நாம் விழுந்தால் தலையைக் காக்கச் செய்தது. மலையேற்ற ஹெல்மெட்டுக்கான ஐரோப்பியத் தரமான ஈஎன் 12492 சோதனையில் 5 கிலோ எடையை 2 மீட்டர் உயரத்திலிருந்து அதன் உச்சியில் போடுகிறார்கள். கூர்முனைச் சோதனை தனி.

முகில்: எவ்வளவு காற்று வரை ஏறலாம் அண்ணா?

காற்றின் வேகம் இரட்டித்தால் அது நம்மைத் தள்ளும் விசை நான்கு மடங்காகும். முகட்டிலும் கணவாயிலும் காற்று நெருக்கிக்கொண்டு இன்னும் வேகமெடுக்கும். அடிவாரத்து அளவை நம்ப வேண்டாம். முகட்டில் மணிக்கு 50 கிலோமீட்டர் என்று முன்னறிவிப்பு சொன்னால் குறுகிய முகட்டு வழியை நான் விட்டுவிடுவேன். அந்தக் காற்றில் மைனஸ் 10 டிகிரி, உடம்புக்கு மைனஸ் 22 போல இருக்கும். சிகரத்திலிருந்து பனித்தூள் கொடிபோலப் பறந்தாலும், லென்ஸ் வடிவ மேகங்கள் அசையாமல் நின்றாலும் மேலே பலத்த காற்று என்று பொருள்.

இன்னொன்று: காற்று குரலை விழுங்கிவிடும். கயிற்றை எத்தனை முறை இழுத்தால் என்ன அர்த்தம் என்று கீழேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

கவின்: கட்டட வேலை ஹெல்மெட்?

வேண்டாம். ஹெல்மெட் பற்றி மேலேயே சொல்லிவிட்டேன்.

நிலா: உயர நோய்க்கு எந்த மாத்திரை நல்லது?

மருத்துவரிடம் கேளுங்கள்.

மாறன்: மேலிருந்து ‘கல்!’ என்று கத்தினால் நிமிர்ந்து பார்க்கலாமா?

பார்க்காதீர்கள். முகத்துக்கு ஹெல்மெட் இல்லை. சுவரோடு ஒட்டி, தாடையை இறக்கி நில்லுங்கள். முதுகுப்பை முதுகிலேயே இருக்கட்டும், தலைமேல் கைவைக்க வேண்டாம்.

பழங்கயிறு: ஒப்புக்கொள்ள மாட்டேன். பார்த்தால்தானே விலக முடியும்? பார்த்து விலகித் தப்பியவர்களை எனக்குத் தெரியும்.

அவர்கள் எங்கே நின்றார்கள்? அகன்ற சரிவில், வெகு தொலைவிலிருந்து குதித்துக் குதித்து வரும் கல்லை நிச்சயம் பாருங்கள். அது எந்தப் பக்கம் திரும்பும் என்பது கடைசிக் குதிப்பில்தான் தெரியும், அதற்கு முன்பே ஓடிவிடக் கூடாது. ஆனால் ஆங்கரில், அதாவது பாறையில் பொருத்திய பிடிமானத்தில், கட்டுண்டு செங்குத்துச் சுவரில் நிற்பவர் எங்கே விலகுவார்? 50 மீட்டர் மேலிருந்து வரும் கல் மூன்று நொடிகளில், மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் வந்து சேரும்.

பழங்கயிறு: பிலே கொடுப்பவர், அதாவது ஏறுபவரின் கயிற்றைப் பிடித்திருப்பவர், பார்க்காமல் எப்படி? ஏறுபவரைக் கவனிக்க வேண்டாமா?

ஏறுபவரைக் கவனிக்கட்டும். கத்தல் கேட்ட நொடியில் தலையைத் தாழ்த்த வேண்டும், கயிற்றுக் கையை மட்டும் விடவே கூடாது. அந்தக் கை விட்டால் மேலே இருப்பவர் போய்விடுவார். அதனால்தான் நிற்கும் இடத்தை முதலிலேயே ஏறுபவரின் நேர்க்கீழிலிருந்து ஒதுக்கி, முடிந்தால் துருத்திய பாறையின் அடியில் அமைக்கச் சொல்கிறேன்.

மாறன்: கயிறே கல்லைத் தள்ளுமா?

தள்ளும். காற்றில் அலையும் கயிறு தளர்ந்த கற்களை வாரிவிடும். பலத்த காற்றில் இறங்கும்போது கயிற்றைக் கீழே வீசாமல் பையில் சுருட்டி ஹார்னஸில் (இடுப்பில் கட்டும் பட்டையில்) மாட்டி, இறங்க இறங்க விடுங்கள்.

யாழ்: ஹெல்மெட்டை எப்போது கழற்றலாம்? சைக்கிள் ஹெல்மெட்...

சைக்கிள் ஹெல்மெட்டுக்கு இனி பதில் இல்லை. கழற்றுவது, சுவரையும் அதன் கல் உருண்டு வரக்கூடிய தூரத்தையும் முழுதாகத் தாண்டிய பிறகுதான்.