கார்ப்பெட்டைத் தூக்கிப் பார்த்தீர்களா?

டெக்சஸில் டாலஸ் பக்கம் வசிக்கும் வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். வயது 41, மகனுக்கு 14. பழைய மசில் கார் ஒன்றை வாங்கி, அப்பாவும் மகனுமாக வார இறுதிகளில் சரிசெய்து ஓட்ட வேண்டும் என்று ஆசை. இரண்டு கார் நிற்கும் கராஜ் இருக்கிறது. ஆயிலும் பிரேக் பேடும் மாற்றத் தெரியும், வெல்டிங் தெரியாது. கையில் 15,000 டாலர். மூன்று வண்டிகளைப் பார்த்து வைத்திருக்கிறார்: எஞ்சின் இல்லாத 1969 கேமரோ, முழுக்கக் கழற்றிப் பெட்டி பெட்டியாகக் கிடக்கும் 1970 ஷெவெல், அதை 'எஸ்எஸ்' (சூப்பர் ஸ்போர்ட், அதன் வேகமான உயர்ந்த வகை) என்று சொல்லி விற்கிறார்கள், ஓடிக்கொண்டிருக்கும் 1966 மஸ்டாங் கூப்பே, ஆறு சிலிண்டர், 11,000 டாலர். "எதை வாங்கலாம் சார்? மஸ்டாங்தான் மலிவு, ஆனால் அதை மசில் கார் என்று சொல்ல முடியுமா?" என்று கேட்கிறார்.

கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். சொல்ல முடியாது. 1964இல் பான்டியாக் தன் நடுத்தர அளவு டெம்பெஸ்ட் காரில் 389 கன அங்குல எஞ்சினைத் திணித்து ஜிடிஓ என்று விற்றதே, அதுதான் மசில் கார். அதே வருடம் ஏப்ரலில் நியூயார்க் உலகக் கண்காட்சியில் அறிமுகமான மஸ்டாங்கைக் கறாரானவர்கள் 'போனி கார்', அதாவது ஸ்போர்ட்ஸ் கார் தோற்றமுள்ள சின்னக் கார், என்பார்கள். உங்களுடையது 200 கன அங்குல எஞ்சின், 120 குதிரைசக்தி. சிக்னலில் இன்றைய சாதாரண டொயோட்டா கேம்ரி அதை முந்திவிடும். ஆனாலும் என் ஓட்டு அதற்குத்தான், ஒரு நிபந்தனையோடு.

நிபந்தனை எஞ்சினைப் பற்றியது அல்ல, தகரத்தைப் பற்றியது. புதிதாக இறங்குகிறவர்கள் எல்லாரும் பானட்டைத் திறந்து எஞ்சின் சத்தத்தைக் கேட்டு மயங்குகிறார்கள். எஞ்சினை வெளியே எடுத்து, பிரித்து, பாகம் மாற்றி, திரும்ப வைத்துவிடலாம். செலவு எவ்வளவு என்று முன்கூட்டியே ஒரு கணக்கும் போட முடியும். துருவுக்கு அப்படிக் கணக்கே கிடையாது. ஒரு ஓட்டையை வெட்டினால் பக்கத்தில் இன்னொன்று தெரியும். வெல்டிங் தெரியாதவருக்கு அது ஒவ்வொன்றும் டிங்கரிங் கூலி.

நான் முதன்முதலில் வாங்கியதும் மஸ்டாங்தான், ஒஹாயோவிலிருந்து. அங்கே குளிர்காலத்தில் பனி உருகச் சாலையில் உப்பு போடுவார்கள். பளபளவென்று பெயின்ட், புத்தம்புதுக் கார்ப்பெட். வீட்டுக்கு வந்து கார்ப்பெட்டைப் பிய்த்தால், தரைத் தகரம் இருக்க வேண்டிய இடத்தில் பச்சை நிறத்தில் ஒரு பழைய சாலைப் பலகை, ரிவெட் அடித்து வைத்திருந்தது. அதில் பாதி எழுத்துகூட அழியவில்லை. அந்தத் தரையைச் சரிசெய்யவே இரண்டு வருடம் போயிற்று.

இந்த மஸ்டாங்குக்குத் தனி சேஸிஸ் கிடையாது. உடம்பேதான் சேஸிஸ், அது உளுத்தால் எல்லாமே போச்சு. நீங்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம் முன்கண்ணாடியின் அடியில் உள்ள காற்றுத் துளைகள். அதற்குக் கீழே ஒரு தகரப் பெட்டி இருக்கிறது. மழைத் தண்ணீர் அதில் இறங்கி இரண்டு பக்கமும் வழிந்து வெளியே போய்விட வேண்டும். ஐம்பது அறுபது வருடத்து இலைச் சருகு அடைத்துக்கொண்டால் தண்ணீர் உள்ளேயே தங்கி அரித்துவிடும். கார்ப்பெட்டைத் தூக்கி வைத்துவிட்டு, ஒரு பெரிய பாட்டில் தண்ணீரை அந்தத் துளைகள் வழியாக மெதுவாக ஊற்றுங்கள். மகனை உள்ளே டார்ச்சோடு உட்காரச் சொல்லுங்கள். டாஷ்போர்டுக்கு அடியிலிருந்து ஒரு சொட்டு கால் பக்கம் விழுந்தாலும் பேரத்தை விட்டுவிட்டு வந்துவிடுங்கள். அந்தப் பெட்டியைத் திறக்க வேண்டுமானால் ஃபெண்டரையும் கண்ணாடியையும் கழற்றி, புள்ளிப் புள்ளியாக வைத்த வெல்டுகளை ஒவ்வொன்றாகத் துளைத்தெடுக்க வேண்டும். முதல் வண்டியில் செய்கிற வேலையல்ல அது.

காய்ந்திருந்தால் மேலே போகலாம். கதவடி, பின்சக்கர வளைவு, இந்த இடங்களில் மெல்லிய துணி சுற்றிய காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டாத இடத்தில் தகரம் இல்லை, பட்டிதான் இருக்கிறது. கூரையில் வினைல் ஒட்டியிருந்தால் சந்தேகப்படுங்கள், அதன் அடியில் ஈரம் தங்கும். அப்புறம், வண்டியின் ஒரு பக்கத்தை ஜாக்கியில் தூக்கிக் கதவைத் திறந்து மூடுங்கள். தரையில் நிற்கும்போது சுகமாக மூடிய கதவு இப்போது இடித்தால் உடம்பு தளர்ந்துவிட்டது என்று அர்த்தம்.

பானட்டைத் திறந்து, டிரைவர் பக்க உள் ஃபெண்டர் தகரத்தில் அச்சடித்த எண்ணையும் படியுங்கள். 6 என்றால் 1966, அடுத்த எழுத்து தொழிற்சாலை, 07 என்றால் கூப்பே, ஐந்தாவதாக T என்ற ஆங்கில எழுத்து இருந்தால் 200 கன அங்குல ஆறு சிலிண்டர். உரிமைப் பத்திரத்தில் உள்ள எண்ணும் இதுவும் ஒத்துப்போக வேண்டும். கதவில் இருக்கும் தகட்டை நம்பாதீர்கள், அது புதிதாக அடித்துக் கிடைக்கிறது. பத்திரம் தொலைந்துவிட்டது என்று சொன்னால் அங்கேயே வணக்கம் போட்டுவிடுங்கள்.

எஸ்எஸ் ஷெவெல் கதைக்கு வருகிறேன். 1970 ஷெவெலின் அடையாள எண் அது வி8 (எட்டு சிலிண்டர்) எஞ்சின் உள்ள மாலிபு, அதாவது ஷெவெலின் வழக்கமான வகை, என்பதுவரைதான் சொல்லும். எஸ்எஸ் என்பதை அதிலிருந்து நிரூபிக்க முடியாது. எஸ்எஸ் சின்னங்களைத் தபாலில் வாங்கி எவரும் ஒட்டிவிடலாம். தொழிற்சாலைத் தாள் ஒன்று சில சமயம் பெட்ரோல் டேங்க்கின் மேலே கிடைக்கும். அது இல்லையென்றால் மாலிபு விலைக்கு மேல் ஒரு டாலர் தராதீர்கள். உங்களுக்கு அதைவிடப் பெரிய சிக்கல் அந்தப் பெட்டிகள். எந்த போல்ட் எங்கே என்பது கழற்றியவருக்குத்தான் தெரியும், அவர் இப்போது வேறு மாநிலத்தில் இருப்பார். நீங்களே கழற்றிய வண்டியைத்தான் நீங்கள் திரும்பப் பூட்ட முடியும். கழற்றிப் போட்ட கார் கராஜில் இரண்டு கார் இடத்தை அடைக்கும் என்பதையும் வீட்டில் சொல்லிவிடுங்கள்.

கேமரோவுக்கு ஆசைப்படுகிறவர்கள் ஏராளம், அதனால் வெறும் கூட்டுக்கே விலை சொல்கிறார்கள். விடுங்கள்.

மஸ்டாங்கை வாங்கினால் அந்த ஆறு சிலிண்டரை அப்படியே விட்டுவையுங்கள். பின்னாளில் 289 வி8 வைத்துக்கொள்ளலாம் என்று விற்பவர் சொல்வார். இந்த ஆறு சிலிண்டர் வண்டியின் சக்கரத்தில் எத்தனை நட்டு என்று எண்ணிப் பாருங்கள்: நான்கு. வி8 வண்டிக்கு ஐந்து. எஞ்சினோடு முன்பக்க ஹப், பிரேக், ஸ்பிரிங், ரேடியேட்டர், பின் ஆக்சில் எல்லாம் மாறியாக வேண்டும். வி8 தான் வேண்டுமென்றால் அந்த எண்ணில் ஐந்தாவதாக C என்று வரும் வண்டியைத் தேடுங்கள், இதைவிட விலை கூடினாலும்.

மிச்சமிருக்கும் 4,000 டாலரில் பெயின்ட் அடிக்கும் எண்ணம் வேண்டாம். 1966இல் பிரேக் ஆயில் அறை ஒன்றே ஒன்று. ஒரு குழாய் வெடித்தால் நான்கு சக்கரத்துக்கும் பிரேக் போய்விடும். இரண்டு அறை உள்ள மாஸ்டர் சிலிண்டர் வாங்கி மாட்டுங்கள். எத்தனால் கலந்த இன்றைய பெட்ரோல் பழைய ரப்பர் குழாய்களை அரிக்கும், அவற்றை மாற்றுங்கள். டேங்க்கின் மேல்தகடேதான் டிக்கியின் தரை, பின்னால் இடி வாங்கினால் பெட்ரோல் உள்ளே சிதறலாம். அதனால் பின்சீட்டுக்குப் பின்னால் ஒரு இரும்புத் தடுப்பு வைப்பதும், இடுப்பு பெல்ட்டுக்குப் பதில் தோள் பெல்ட் போடுவதும் மகனை ஏற்றுவதற்கு முன்பே முடிய வேண்டிய வேலைகள்.

தண்ணீர்ச் சோதனையில் இந்த வண்டி தோற்றால் 1968 முதல் வந்த ஷெவர்லே நோவாவைப் பாருங்கள். கேமரோவின் முன்பக்க அமைப்புதான் அதற்கும், பேர் மட்டும்தான் குறைவு. அரிசோனா, நியூ மெக்சிகோ பக்கம் கிடைத்தால் நல்லது. சீட்டும் டாஷ்போர்டும் வெயிலில் வெடித்திருக்கும், தகரம் முழுதாக இருக்கும். எதைப் பார்க்கப் போனாலும் பழைய பெட்ஷீட் ஒன்றை எடுத்துப் போங்கள். ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்ட் வைத்துவிட்டு, அதை விரித்து அடியில் படுத்துப் பார்க்க வேண்டியிருக்கும். நமக்கு இந்த வயதில் தொப்பை இடிக்கும், பையனை அனுப்புங்கள்.