சாய்ந்த தென்னை: நோட்டீஸுக்கு முன்னால் ஒரு பேச்சு

கேள்வி: குழித்துறை பக்கம் எங்கள் வீடு. பக்கத்து விளையில் (தோப்பில்) நிற்கும் தென்னை எங்கள் ஓட்டுக்கூரை மேல் சாய்ந்திருக்கிறது. தேங்காய் விழுந்து ஓடு உடைகிறது, முற்றத்தில் பிள்ளைகளை விடவே பயமாக இருக்கிறது. விளைக்குச் சொந்தக்காரப் பெரியம்மா தனியாக இருக்கிறார், மகன் வளைகுடாவில். எத்தனை முறை சொன்னாலும் ‘பாப்போம்’ என்கிறார். வக்கீல் நோட்டீஸ் அனுப்பலாமா? நாங்களே வெட்டினால் தப்பா?

பதில்: வெட்டாதீர்கள். உங்கள் எல்லைக்குள் நீண்டிருக்கும் ஓலையை உங்கள் பக்கம் நின்று கழித்துவிடலாம், அவ்வளவுதான். மரத்தில் கை வைத்தால் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா 324-ஆம் பிரிவின்படி சொத்துக்குச் சேதம் விளைவித்ததாக உங்கள் மேலேயே புகார் வரும். உங்கள் முற்றத்தில் விழுந்த தேங்காயும் அவருடையதுதான். பிள்ளைகள் கையில் கொடுத்தனுப்புங்கள்.

நோட்டீஸும் இப்போது வேண்டாம். மரம் ஆபத்தாக நிற்பது உரிமையாளருக்குத் தெரிந்திருந்தது என்பதற்கு ஓர் ஆதாரம் வேண்டும், நோட்டீஸின் முக்கியப் பயன் அதுதான். தெரிந்தும் அவர் சும்மா இருந்து நாளை சேதம் வந்தால், நஷ்டஈடு கேட்கும்போது அந்த ஆதாரம் கை கொடுக்கும். நீங்கள் மரியாதையாக எழுதும் ஒரு கடிதமும், மகனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பும் படமும் அந்த வேலையைச் செய்யும். தனியாக இருக்கும் வயதானவர் வீட்டு வாசலில் வக்கீல் கடிதம் வந்தால் அவருக்கு எப்படி இருக்கும்? ராத்திரி உடம்புக்கு முடியாமல் போனால் அவர் கூப்பிட வேண்டியது உங்களைத்தான்.

அவர் ‘பாப்போம்’ என்பது பிடிவாதமாக எனக்குத் தோன்றவில்லை. மரம் ஏற ஆள் கிடைப்பது இப்போது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்கே தெரியும். ஆளை நீங்கள் ஏற்பாடு செய்து, கூலியில் பாதியைத் தருவதாகச் சொல்லிப் பாருங்கள். காய்க்கிற மரத்தை விட மனமில்லை என்றால், காயை அடிக்கடி பறித்து, மரத்தை எதிர்ப்பக்கம் இழுத்துக் கம்பியால் கட்டலாம். எது முடிவானாலும் ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். பேச்சு நகரவில்லை என்றால் அவர் மதிக்கிற ஒருவரை, வார்டு உறுப்பினரையோ தேவாலய அன்பியக் குழுவின் பொறுப்பாளரையோ, கூட்டிப் போங்கள்.

அதற்கும் மசியவில்லையா? சட்டப் பணிகள் குழுவில் வழக்குக்கு முந்தைய மனு கொடுங்கள். கட்டணம் இல்லை, 15100-க்கு அழைத்தால் வழி சொல்வார்கள். மக்கள் நீதிமன்றமான லோக் அதாலத்தில் சமரசமானால் அது நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம், மேல்முறையீடு கிடையாது. உரிமையியல் வழக்கு கடைசி வழி. வருஷக்கணக்கில் இழுக்கும், அதுவரை மரம் அப்படியே நிற்கும்.

ஒன்றை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். வேர் கிளம்பி மரம் விழும் நிலை தெரிந்தால், பத்மநாபபுரம் கோட்டாட்சியருக்குப் படங்களோடு மனு கொடுங்கள். விழுந்து ஆட்களுக்குக் காயம் ஏற்படுத்தக்கூடிய மரத்தை அகற்றவோ தாங்கு கொடுக்கவோ குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 152-ஆம் பிரிவில் அவர் உத்தரவிடலாம். 2017 ஒக்கிப் புயலில் நம் குமரி மாவட்டத்தில் மரங்கள் சாய்ந்ததைப் பார்த்தவர்கள் நாம். மனு கொடுக்கும் முன் பெரியம்மாவிடமும் மகனிடமும் சொல்லிவிடுங்கள். அதிகாரி வந்து நின்ற பிறகுதான் அவர்களுக்குத் தெரிந்தது என்று ஆகக் கூடாது.