சாமானை விற்று சீட் வாங்க வேண்டாம், அண்ணாச்சி

திருநெல்வேலி மாவட்டம் முக்கூடல் பக்கத்திலிருந்து ஒரு குடும்பம் மேற்படிப்பு யோசனை கேட்டு என்னிடம் வந்திருந்தது. அப்பா இன்னிசைக் கச்சேரிக் குழு வைத்திருக்கிறார், கூடவே மைக் செட்டும் வாடகைக்கு விடுகிறார். அம்மா பீடி சுற்றுகிறார். மகன் பிளஸ் டூ முடித்திருக்கிறான். உட்கார்ந்ததும் அப்பா கேட்ட முதல் கேள்வி படிப்பைப் பற்றியது இல்லை. “சார், சாமான் எல்லாத்தையும் குடுத்துட்டா ரெண்டேகால் லட்சம் வரும்னு சொல்லுதாவ. குடுத்துரலாமா?”

கச்சேரி அழைப்புகள் குறைந்துவிட்டன. பீடிக் கம்பெனியிலும் வேலை நாள் குறைந்திருக்கிறது. பையனின் தாய்மாமா ஒரு யோசனை சொல்லியிருக்கிறார்: கருவிகளை விற்று, தனியார் கல்லூரியில் மேனேஜ்மென்ட் கோட்டாவில் ‘ஏஐ அண்ட் டேட்டா சயின்ஸ்’ சேர்த்துவிட வேண்டும். பெரியப்பாவும் ஆமோதித்திருக்கிறார். “கூத்தாடிப் பொழப்பு இவனோட முடியட்டும்” என்பது அவர் சொன்ன காரணம். அம்மாவுக்கு அதைச் சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது.

கவலைப்படாதீர்கள், பார்த்துக்கொள்ளலாம் என்று சொன்னேன். ஆனால் அப்படிச் சொல்லி அனுப்பிவிட்டால் அடுத்த வாரம் கீபோர்டு கை மாறிவிடும். அதனால் அன்று அவரிடம் சொன்னதை இங்கே விரிவாகவே எழுதுகிறேன். இதே யோசனையில் இருக்கும் குடும்பங்கள் இந்த மாவட்டத்தில் இன்னும் பல.

அண்ணாச்சி, முதலில் கணக்கு. கல்லூரியில் உங்களிடம் சொன்ன தொகை ஆண்டுக்கு ஒன்றேகால் லட்சம். நான்கு ஆண்டுக்கு ஐந்து லட்சம். பஸ், தேர்வுக் கட்டணம், லேப்டாப் எல்லாம் தனி. நீங்கள் விற்று எடுக்கும் பணம் இரண்டாம் ஆண்டு முடியும்வரைகூடத் தாங்காது. அதற்குப் பிறகு கல்விக் கடன் வாங்கிக்கொள்ளலாம் என்கிறார் மாமா. நான்கு லட்சம் வரை பிணையில்லாமல் கல்விக் கடன் உண்டு என்பது சரிதான். ஆனால் மத்திய அரசின் பிஎம் வித்யாலட்சுமி திட்டத்தில் மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர்ந்தவர்களுக்கு இடமில்லை. மற்றக் கடன்களிலும் ‘மேனேஜ்மென்ட் கோட்டா’ என்றாலே வங்கி மேலாளர் இரண்டு முறை யோசிப்பார். இரண்டு வருடம் கட்டிவிட்டு மூன்றாம் வருடம் வங்கிப் படியில் நிற்கும்போது, மாதம் நாலு காசு கொண்டுவந்த மைக் செட்டும் வீட்டில் இருக்காது. கடன்தவணை கட்ட உதவும் பொருளை விற்று, கடனுக்குள் இறங்குகிற திட்டம் இது. இதை நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன்.

அடுத்தது, விற்கும் நேரம். மந்தமான காலத்தில் உங்களுக்கு மட்டும் கச்சேரி குறைவதில்லை, எல்லாக் குழுவுக்கும் குறைகிறது. எல்லாரும் ஒரே மாதத்தில் விற்க வருவார்கள், வாங்க ஆள் இருக்காது. 2020-இல் ஊரடங்கால் ஊர்க்கோயில் கொடை விழாக்களும் திருவிழாக்களும் நின்றபோது எத்தனை குழுக்கள் கருவிகளைக் கிடைத்த விலைக்குத் தள்ளிவிட்டன என்பது உங்களுக்கே தெரியும். மறுபடி கொடை தொடங்கியதும் அதே ஆட்கள் வாடகைக் கீபோர்டு தேடி அலைந்தார்கள். கீபோர்டு, ஆக்டோபேட் என்கிற மின்னணுத் தாளக்கருவி எல்லாம் பெரும்பாலும் வெளிநாட்டுச் சரக்கு. ரூபாய் மதிப்பு இறங்க இறங்க, புதிய கருவியின் விலை ஏறும். இன்று பாதி விலைக்கு விற்பதை நாளை முழு விலைக்கும் மேலே கொடுத்துத்தான் திரும்ப வாங்க வேண்டியிருக்கும்.

அப்படியானால் எதையும் விற்கவே கூடாதா? விற்கலாம். ஆனால் ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும்.

நம் ஊர்க் கொடை எப்படி நடக்கிறது என்று நினைத்துப் பாருங்கள். குடும்பத்துக்கு இவ்வளவு என்று தலைக்கட்டு வரி போட்டுத்தான் கொடை. கையில் பணப்புழக்கம் இல்லையென்றால் வரியைக் குறைப்பார்கள். வரி குறைந்தால் கமிட்டி முதலில் வெட்டுவது இன்னிசைக் கச்சேரியை. வில்லுப்பாட்டை வெட்ட மாட்டார்கள், மேளத்தை வெட்ட மாட்டார்கள், கணியான் கூத்து வழக்கமுள்ள கோயிலில் அதையும் வெட்ட மாட்டார்கள். சாமி வருவதற்கு அவை வேண்டும். இவை எல்லாவற்றுக்கும் மைக் செட் வேண்டும். ஆக, உங்கள் தொழிலில் படுத்திருப்பது கச்சேரி, நடந்துகொண்டிருப்பது மைக் செட். விற்பதாக இருந்தால் கச்சேரிக்கு மட்டும் பயன்படுகிற, ஒன்றுக்கு இரண்டாக இருக்கிற சாமானை விற்கலாம். உங்களிடம் இரண்டு கீபோர்டு இருக்கிறது, ஒன்று போகலாம். பெரிய மேடைக்கென்று வாங்கி ஒரு வருடமாக வெளியே போகாத சப் ஊஃபர்கள் போகலாம். விளக்குச் சாமானும் போகலாம்.

ஆம்ப்ளிஃபயர், மிக்சர், நல்ல மைக்குகள், ஸ்டாண்டுகள், கேபிள் இவற்றைத் தொடாதீர்கள். கீபோர்டு புது மாடல் வந்ததும் பழசாகிவிடும். நல்ல டைனமிக் மைக் அப்படியில்லை. ஷூர் எஸ்எம்58 மைக் 1966-இல் வந்தது, இன்றும் அதே பெயரில் அதே வேலையைச் செய்கிறது. பத்து வருடம் பழகிய அசல் மைக்கை விற்றுவிட்டு, பிறகு சந்தையில் மலிந்து கிடக்கும் போலியில் மாட்டிக்கொள்ள வேண்டாம்.

விற்பதையும் ஆவணியில் விற்காதீர்கள், ஆடிக் கொடை முடிந்ததும் எல்லாருக்கும் கை சோர்ந்திருக்கும். மாசி, பங்குனியில் விலை பேசுங்கள். சித்திரைக் கொடைக்குக் குழுக்கள் கருவி தேடும் நேரம் அது. கிறிஸ்துமஸுக்கு முன் சபைகளும் கீபோர்டு தேடும். பாளையங்கோட்டையிலிருந்து நாசரேத் வரை பாடகர் குழு இல்லாத சபை உண்டா? அசனப் பண்டிகை என்கிற சபை விருந்து, கன்வென்ஷன் என்று அவர்களுக்கும் ஆண்டு முழுக்கத் தேவை இருக்கிறது. கடைக்கோ எக்ஸ்சேஞ்சுக்கோ போகாமல் வாசிக்கிற ஆளிடமே நேராகக் கொடுத்தால் கூடுதல் கிடைக்கும். பில், அடாப்டர், கவர் எல்லாம் சேர்த்து வையுங்கள். ஆன்லைனில் போட்டால் ஒன்று நினைவிருக்கட்டும்: பணம் அனுப்புகிறேன், இந்த க்யூஆர் கோடை ஸ்கேன் பண்ணுங்கள் என்று யாராவது சொன்னால் அத்தோடு பேச்சை நிறுத்திவிடுங்கள். பணம் வாங்குவதற்கு ஸ்கேன் செய்யவே தேவையில்லை.

சரி, இனி பையனைப் பற்றி. இவ்வளவு நேரம் பேசியதில் அவனை யாரும் எதுவும் கேட்கவில்லை. கணிதத்தில் 48. அதை வைத்து நான் அவனை எடைபோடவில்லை. ஆனால் கணிதமே அடித்தளமாக இருக்கும் டேட்டா சயின்ஸில் அவனை உட்கார வைத்தால் முதல் வருடமே அரியரில் தொடங்குவான். ஒவ்வொரு அரியரின்போதும் “உனக்காகத்தான் கீபோர்டை வித்தோம்” என்று வீட்டில் யாராவது சொல்வார்கள். பதினேழு வயதுப் பிள்ளையின் தலையில் அந்தச் சுமையை ஏற்றக் கூடாது.

நான் அவனிடம், “அப்பா மாதிரி வாசிப்பாயா?” என்று கேட்டேன். “வாசிப்பேன், ஆனா பிடிச்சது அது இல்ல சார்” என்றான். பிறகு மெதுவாக ஒரு கதை சொன்னான். போன பங்குனியில் கீபோர்டில் நாலைந்து கட்டைகள் சேட்டை பண்ணின. ஒன்று சத்தமே தரவில்லை, இன்னொன்று மெல்லத் தொட்டாலும் அலறியது. அப்பா கீபோர்டை மதுரைக்கு அனுப்புவதாக இருந்தார். இவன் ராத்திரி எல்லாரும் தூங்கிய பிறகு அதைத் திறந்திருக்கிறான். எந்த ஸ்க்ரூ எந்த இடம் என்று ஒரு அட்டையில் படம் போட்டு, அந்தந்த இடத்தில் குத்தி வைத்திருக்கிறான். கட்டைக்கு அடியில் ரப்பர் பட்டை. ஒவ்வொரு கட்டைக்கும் இரண்டு கார்பன் புள்ளிகள். கட்டையை அழுத்தும்போது ஒரு புள்ளி முதலில் தொடும், மற்றது அடுத்துத் தொடும். அந்த இடைவெளியை அளந்துதான் மெல்ல அழுத்தினோமா ஓங்கி அழுத்தினோமா என்று கீபோர்டு கண்டுகொள்கிறது. தூசியும் வியர்வையும் அங்கே படிந்தால் கணக்குத் தப்பிவிடும். இதை எனக்குக் கையை ஆட்டி ஆட்டி விளக்கினான். ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சில் தொட்டுத் துடைத்து, காயவிட்டு, மாட்டி, விடியுமுன் வாசித்துப் பார்த்திருக்கிறான். எல்லாக் கட்டையும் பேசியது.

அப்பாவுக்கு அன்றுதான் இது தெரிய வந்தது. அனுப்பாமலே சரியாகிவிட்டது என்றுதான் அதுவரை அவர் நினைத்திருக்கிறார்.

அண்ணாச்சி, உங்கள் மகனின் வழி அங்கே இருக்கிறது. மற்றப் படிப்புகளைப் பற்றி நான் பேசப்போவதில்லை, அவற்றைச் சொல்லத் தெருவுக்கு நாலு பேர் இருக்கிறார்கள். நம் பக்கத்தில் யாரும் வாயெடுத்துச் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன்: அரசு ஐடிஐயில் எலக்ட்ரானிக்ஸ் மெக்கானிக், இரண்டாண்டுப் பயிற்சி.

ஐடிஐ என்றதும் முகம் சுருங்க வேண்டாம். பத்தாம் வகுப்பு அறிவியலும் கணிதமும் போதும், பிளஸ் டூ முடித்தவனும் தாராளமாகச் சேரலாம். அரசு ஐடிஐயில் பயிற்சிக் கட்டணம் கிடையாது. மாதம் 750 ரூபாய் உதவித்தொகை கொடுக்கிறார்கள், பஸ் பாஸும் சீருடையும் உண்டு. (அரசுப் பள்ளியில் படித்த பையன்களுக்கு, 2024-இல் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் ஆயிரம் தனியாக வரும். இவன் தனியார் பள்ளியில் படித்தவன், அதனால் இவனுக்கு இல்லை. மற்றவர்கள் மறக்காமல் கேட்டு வாங்குங்கள்.) அங்கே என்ன கற்றுத் தருகிறார்கள்? மல்டிமீட்டரும் ஆசிலோஸ்கோப்பும் பிடித்து அளப்பது, சால்டர் வைப்பது, அரிசி மணியைவிடச் சின்னதான எஸ்எம்டி பாகங்களைப் பெயர்த்து மாற்றுவது, பவர் சப்ளை, ஆம்ப்ளிஃபயர், டிஜிட்டல் சர்க்யூட், மைக்ரோகன்ட்ரோலர். இவன் ராத்திரியில் தட்டுத்தடுமாறிக் கண்டுபிடித்ததற்கெல்லாம் அங்கே பெயரும் காரணமும் கிடைக்கும். ஏன் துடைத்தால் சரியானது, துடைத்தும் சரியாகாவிட்டால் அடுத்து எங்கே பார்க்க வேண்டும் என்பதைக் கற்றுக்கொள்வான். முடித்தால் நாடு முழுக்கச் செல்லும் தேசிய தொழிற்சான்றிதழ்.

கற்பதைப் பழகும் பட்டறை உங்கள் வீட்டிலேயே இருக்கிறது. மிக்சரின் ஃபேடர் கரகரக்கும். ஜாக் சாக்கெட் ஆடும். ஆக்டோபேடில் எட்டு பேடில் ஒன்று மட்டும் கேட்காது. ஸ்பீக்கரின் வாய்ஸ் காயில் கருகிவிடும், அதைத் திரும்பச் சுற்றி கோன் ஒட்ட வேண்டும். ஈரத்தில் கிடந்த கேபிளில் ‘ஹம்’ வரும், எர்த் எங்கே விட்டது என்று தேட வேண்டும். இந்த வேலை தெரிந்தவர்கள் இங்கே மிகக் குறைவு. கீபோர்டு என்றால் மதுரைக்கோ சென்னைக்கோ பார்சல் போகிறது, சீசன் முடிந்தபின் திரும்பி வருகிறது. சபைகள், கோயில்கள், பள்ளிகள், வில்லுப்பாட்டுக் குழுக்கள், மைக் செட்காரர்கள் எல்லாரும் வாடிக்கையாளர்கள். இன்னொன்றும் சொல்ல வேண்டும்: காசு இல்லாத காலத்தில் மக்கள் புதுசு வாங்குவதைத் தள்ளிப்போட்டுப் பழசைப் பழுதுபார்ப்பார்கள். உங்கள் கச்சேரியைக் குறைக்கிற அதே மந்தம் இவனுக்கு வேலையைக் கூட்டும். சால்டரிங் ஸ்டேஷன், நல்ல மல்டிமீட்டர், ஸ்க்ரூ செட் என்று ஐந்தாயிரத்துக்குள் தொடங்கிவிடலாம். இரண்டாவது கீபோர்டை விற்ற பணத்தில் அதற்கு மட்டும் எடுங்கள், மிச்சத்தை வீட்டுச் செலவுக்கு வையுங்கள்.

மாமாவுக்கு என்ன பதில் சொல்வது என்று அம்மா கேட்டார். மரியாதையாகச் சொல்லுங்கள்: கூடங்குளம் அணுமின் நிலையம் ஐடிஐ முடித்தவர்களைத் தொழில் பழகுநராக எடுக்கிறது. மகேந்திரகிரி இஸ்ரோ மையத்தில் டெக்னீஷியன் பதவிக்கு ஐடிஐதான் தகுதி, எலக்ட்ரானிக்ஸ் மெக்கானிக் பிரிவுக்கும் அறிவிப்பு வருவதுண்டு. இரண்டும் நம் மாவட்டத்திலேயே இருக்கின்றன. கிடைத்தே தீரும் என்று நான் சொல்லவில்லை, போட்டி கடுமை. ஆனால் வாசல் திறந்திருக்கிறது. பிறகு படிக்க ஆசை வந்தால் ஐடிஐயிலிருந்து டிப்ளமோ இரண்டாம் ஆண்டில் சேரலாம், அங்கிருந்து பி.இ. இரண்டாம் ஆண்டிலும் சேரலாம். அந்த ‘பி.இ.’ பட்டம் வேண்டும் என்றால் அப்போது அவனே விரும்பிப் போகட்டும். மாமா பீஸ் கட்டப்போவதில்லை, தேர்வும் எழுதப்போவதில்லை. அதனால் முடிவும் அவருடையது இல்லை.

விண்ணப்பம் ஆன்லைனில். பேட்டை அரசு ஐடிஐக்கு நேரில் போனால் அங்கேயே உதவி செய்வார்கள். பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல், மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்று, ஆதார், போட்டோ எடுத்துப் போங்கள். விருப்ப வரிசையில் பேட்டையை மட்டும் போட்டு நிறுத்தாமல், எலக்ட்ரானிக்ஸ் மெக்கானிக் இருக்கும் சுற்றுவட்டத்து அரசு ஐடிஐ எல்லாவற்றையும் போடுங்கள். “ஃபிட்டர் காலியா இருக்கு, சேர்ந்துக்கோ” என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லுங்கள். ஃபிட்டர் நல்ல படிப்புதான், ஆனால் இவனுக்கானது இல்லை.

கடைசியாக உங்களுக்கு ஒரு கண்டிப்பு, அண்ணாச்சி. ஐடிஐயில் தேர்வு எழுத 80 சதவீத வருகை வேண்டும். நம் பக்கத்துக் கொடையோ பெரும்பாலும் செவ்வாயும் வெள்ளியும். “ஒரு ராத்திரிதானல, வந்து மிக்சர்ல உக்காரு” என்று செவ்வாய்தோறும் கூப்பிட்டால் அவன் புதன்கிழமை வகுப்பில் இருக்க மாட்டான். செவ்வாய்க் கொடைக்குச் சம்பளத்துக்கு ஒரு ஆள் போடுங்கள். வெள்ளி ராத்திரி போகலாமா வேண்டாமா என்பதைச் சனிக்கிழமை வகுப்பைப் பார்த்து அவன் சொல்லட்டும்.