எழுத்தே இல்லாத பழைய கிரேக்க வெள்ளிக் காசு எந்த ஊரில் அடித்தது என்று எப்படிச் சொல்கிறார்கள்?

ஆமை என்றால் ஏஜினா, ஆந்தை என்றால் ஏதென்ஸ், இறக்கைக் குதிரை என்றால் கொரிந்து. படத்தை வைத்து இப்படிச் சொல்வது பெரும்பாலும் சரியாகவே வரும். ஆனால் அதே குதிரையை லியூகாஸ், அம்பிராகியா போன்ற கொரிந்தியக் குடியேற்றங்களும் அடித்தன. குதிரைக்குக் கீழே கொப்பா என்ற கிரேக்க எழுத்து இருந்தால் கொரிந்து, லாம்டா இருந்தால் லியூகாஸ். அந்த ஓரெழுத்தும் இல்லையென்றால் படத்தை நான் கடைசிச் சாட்சியாகத்தான் எடுப்பேன்.

கி.மு. 6ஆம் நூற்றாண்டில் ஒரு காசு வரிசை உண்டு. ஒன்றில் சக்கரம், ஒன்றில் சாடி, இன்னொன்றில் குதிரையின் பின்பாதி, வேறொன்றில் கோர்கன் என்ற பாம்புக் கூந்தல் அரக்கியின் முகம். பின்பக்கம் பெரும்பாலும் வெறும் சதுரப் பள்ளம். படத்துக்கு ஓர் ஊர் என்று யூபோயாத் தீவில் பங்குபோட்டுக் கொடுத்தவர்கள் உண்டு. இன்றோ பெரும்பாலோர் எல்லாமே ஏதென்ஸ் என்கிறார்கள்.

இந்தக் கருத்தை மாற்றியது முதலில் காசு அடிக்கும் அச்சு. முன்பக்க அச்சு பட்டடையில் பதிந்திருக்கும். பின்பக்க அச்சு சுத்தியலடியை நேரே வாங்கும், சீக்கிரம் பழுதாகும். ஒரே கீறல் விழுந்த பின்பக்க அச்சு இரண்டு வேறு படங்களோடு வந்தால், இரண்டும் ஒரே பட்டறை வேலை என்றே முதலில் கொள்ள வேண்டும்.

அடுத்தது எடை. இங்கேதான் பலர் சறுக்குவார்கள். ஏதென்ஸின் இரு திரக்மாக் காசும் கொரிந்தின் ஸ்டேட்டர் என்ற பெரிய காசும் ஏறக்குறைய 8.6 கிராம்தான். ஆனால் ஏதென்ஸ் அதை இரண்டாகப் பிரித்தது, திரக்மா 4.3 கிராம், கொரிந்து மூன்றாகப் பிரித்தது, அதன் திரக்மா சுமார் 2.9 கிராம். ஆகவே சந்தேகம் வந்தால் அதே படமுள்ள சில்லறையைத் தேடுங்கள்.

சில்லறைக்கு இன்னொரு பலமும் உண்டு: அது ஊரைவிட்டு அதிகம் போகாது. பெரிய காசு போகும். எகிப்தின் அஸ்யூத்தில் கிடைத்த ஏறக்குறைய 900 காசுகளில் ஏஜினா, ஏதென்ஸ், கொரிந்து, மக்கெதோனியப் பக்கத்துக் காசுகள் எல்லாம் கலந்து கிடந்தன. பலவற்றில் உளி வெட்டு. அங்கே அவை எடைக்கு வெள்ளி, அவ்வளவுதான். ஆனால் முக்கால் கிராம் காசு ஏதென்ஸைச் சுற்றிய அட்டிகா பகுதியில் திரும்பத் திரும்பக் கிடைத்தால் அது வலுவான சாட்சி.

வெள்ளியையே சோதித்தால் போதாதா என்று கேட்பார்கள். அதிலுள்ள ஈயத்தின் ஐசோடோப்பு, அதாவது எடை வேறுபட்ட ஈய அணுக்களின் விகிதம், சுரங்கத்தைக் காட்டும், பட்டறையைக் காட்டாது. ஏஜினாவில் வெள்ளிச் சுரங்கமே கிடையாது. ஆமைக் காசு முழுக்க வெளியூர் வெள்ளி.